லில்லி ஏறிய மாடிகள்

பெரியம்மா 1968-இல் பாளையங்கோட்டையிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியபோது அவரிடம் இருந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, டைப்ரைட்டிங்கிலும் ஷார்ட்ஹேண்டிலும் ஹையர் தேறிய சான்றிதழ்கள், மாட்டுங்காவில் தூரத்து உறவினர் ஒருவரின் விலாசம், இவ்வளவுதான். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தார். 11 ஆண்டுகள் கழித்து அதே கம்பெனியில் நிர்வாகப் பிரிவின் அதிகாரியானார். அவர் அதிகாரியான செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்த அதே வேகத்தில் இன்னொரு செய்தியும் போய்ச் சேர்ந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "மேனேஜரக் கைக்குள்ள போட்டுக்கிட்டாளாம்லா" என்றாள். மற்றவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. எனக்குப் பொருள் புரியவில்லை. ஆனால், அந்தச் சொல் சொல்லப்பட்ட விதத்தை இன்றுவரை மறக்கவும் முடியவில்லை.

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் என் வீட்டில், 1933-ஆம் ஆண்டு வந்த 'பேபி ஃபேஸ்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்து முடித்ததும் அந்தக் கல்யாண வீடு நினைவுக்கு வந்தது. வார்னர் பிரதர்ஸ் தயாரித்து, ஆல்ஃபிரட் கிரீன் இயக்கி, பார்பரா ஸ்டான்விக் நடித்த படம் அது. இந்தப் படம் இரண்டு வடிவங்களில் இன்று கிடைக்கிறது: தணிக்கைக்கு முன் இருந்தது ஒன்று, தணிக்கைக்குப் பின் திரையரங்குகளுக்குப் போனது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர், தணிக்கையாளர் ஒரு பெண்ணிடம் எதைக் கண்டு அஞ்சினார் என்பதை, ஆவணம் எதையும் படிக்காமலே தம் கண்ணால் அறிந்துகொள்ளலாம். அதைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

கதை இதுதான். பென்சில்வேனியாவில் ஆலைப் புகை சூழ்ந்த ஈரி நகரத்தில், மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயக் கடை நடத்துகிறவனின் மகள் லில்லி. கடைக்கு வரும் ஆண்களிடம் பெற்ற தகப்பனே அவளை அனுப்புகிறான். 14 வயதிலிருந்து தன் வாழ்க்கை இதுதான் என்று அவனுடைய முகத்துக்கு நேரே அவள் சொல்லும் காட்சியில், ஸ்டான்விக்கின் குரலில் அழுகை துளியும் இல்லை, கணக்குத் தீர்க்கும் தொனி மட்டுமே இருக்கிறது. சாராயம் காய்ச்சும் கொப்பரை வெடித்துத் தகப்பன் சாகிறான். அவளிடம் பரிவு காட்டும் ஒரே மனிதர் கிழவரான செருப்புத் தொழிலாளி கிராக். ஜெர்மன் தத்துவஞானி நீட்ஷேயின் நூல்களைப் படித்து ஊறியவர் அவர். பெரிய நகரத்துக்குப் போ, ஆண்கள் உன்னைப் பயன்படுத்த விடாதே, நீ அவர்களைப் பயன்படுத்திக்கொள், அடிமையாக இராதே, எஜமானியாக இரு என்று அவளுக்கு உபதேசம் செய்கிறார். லில்லி தன் தோழி சிக்கோவோடு சரக்கு ரயிலில் நியூயார்க் போய், ஒரு வங்கியின் வானளாவிய கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறாள். அங்கே கடைநிலை வேலையில் சேர்ந்து, ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அதிகாரியைத் தன்வயப்படுத்தி, மாடி மாடியாக மேலே போகிறாள். ஒவ்வோர் உயர்வின்போதும் கேமரா கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி மேலேறி அடுத்த பிரிவின் ஜன்னலில் நிற்கிறது. பின்னணியில் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' மெட்டு ஒலிக்கிறது. ஒரு பெண்ணின் பதவி உயர்வை இவ்வளவு வெளிப்படையாக, கட்டடத்தின் மேல் விரல் வைத்துக் காட்டுவதுபோலக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

1933 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத் தணிக்கைக் குழு இந்தப் படத்தை நிராகரித்தது. நியூயார்க் சந்தையை இழக்கத் துணியாத நிறுவனம் படத்தைத் திருத்தி ஜூலையில் வெளியிட்டது. வெட்டப்பட்டதும் மாற்றப்பட்டதும் சேர்ந்து ஐந்து நிமிடங்கள் அளவுக்குத்தான் வரும். அந்த ஐந்து நிமிடங்களில் என்ன போயிற்று என்று பார்க்க வேண்டும்.

சரக்கு ரயிலில் பிடிபடும் இடத்தில் லில்லி அந்த ரயில்வே ஊழியனைச் சமாளிக்கும் காட்சி போன்ற சில இடங்கள் குறைக்கப்பட்டன. அவற்றை ஆபாசம் என்ற கணக்கில் சேர்க்கலாம். என் மனத்தில் தங்கியது வேறொரு திருத்தம். செருப்புத் தொழிலாளியின் உபதேசம் முழுவதும் மாற்றப்பட்டது. பழைய சொற்கள் நீக்கப்பட்டு, நல்ல வழி என்று ஒன்றும் தீய வழி என்று ஒன்றும் உண்டு, தீய வழிக்குக் கொடுக்க வேண்டிய விலை மிக அதிகம், தூய்மையாக இரு என்று அதே கிழவர் சொல்வதாகப் புதிய வசனம் ஒட்டப்பட்டது. பின்னால் ஓரிடத்தில் அவர் லில்லிக்கு நீட்ஷேயின் நூல் ஒன்றை அனுப்புவார். வாழ்க்கையை அஞ்சாமல் எதிர்கொள், உணர்ச்சிகளை நசுக்கிவிடு என்னும் பொருள்பட அதில் ஒரு பகுதி குறித்து வைக்கப்பட்டிருக்கும். திருத்திய வடிவத்தில் அந்த இடத்தில் அவளைக் கண்டிக்கும் கடிதம் ஒன்று வந்தது. கடைசியாக முடிவு. முதல் வடிவத்தில், வங்கித் தலைவனான கணவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு உயிருக்குப் போராடும்போது, லில்லி நகைப்பெட்டியைப் பொருட்படுத்தாமல் அவன் பக்கத்தில் ஆம்புலன்ஸில் இருப்பதோடு படம் முடிந்துவிடும். திருத்திய வடிவத்தில், இருவரும் செல்வம் அனைத்தையும் இழந்து, எஃகு ஆலை இருக்கும் ஊரில் உழைத்துப் பிழைப்பதாகச் சேர்க்கப்பட்டது. எந்தப் புகையிலிருந்து அவள் தப்பி ஓடினாளோ அந்தப் புகைக்கே அவளைத் திருப்பி அனுப்பினால்தான் சான்றிதழ்.

இதைக் கவனித்துப் பார்த்தால், லில்லி ஆண்களோடு பழகியது திருத்திய படத்திலும் அப்படியே இருக்கிறது. மாடி மாடியாக ஏறுவதும் இருக்கிறது; கேமரா சுவரில் ஏறுவதும் இருக்கிறது. போனது அவளுடைய சிந்தனை. ஒரு பெண் தான் செய்வதை அறிந்து செய்கிறாள், அதற்கு ஒரு தத்துவ அடிப்படையை வைத்திருக்கிறாள், யோசித்துத் திட்டமிடுகிறாள் என்பதைத் தணிக்கையால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தவறிப்போன பெண்ணை அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. அவளை மன்னிக்கவும் தண்டிக்கவும் முறைகள் இருந்தன. புத்தகம் படித்து முடிவெடுத்த பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

தணிக்கையாளர்களை மட்டும் குறை சொல்லி இந்த இடத்தில் நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. படத்தின் மூலக்கதையை மார்க் கேன்ஃபீல்டு என்ற புனைபெயரில் எழுதியவர், அப்போது வார்னர் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவராயிருந்த டாரில் ஸானக். ஒரு பெண் மேலே போக வேண்டும் என்றால் படுக்கையறை வழியாகத்தான் போக முடியும் என்பது அவருடைய கற்பனையின் எல்லை. அந்தக் கட்டடத்தில் ஆண்கள் எப்படி மேலே போனார்கள் என்று படம் ஓரிடத்திலும் கேட்பதில்லை. கதையை எழுதியவர் ஏறும் வழியை அசிங்கமாக்கினார். தணிக்கையாளர் அந்த அசிங்கத்தைக் காரணம் காட்டி ஏறியதையே தவறாக்கினார். இரண்டு கைகளும் சேர்ந்து செய்த வேலை இது. கல்யாணப் பந்தியில் இலை போட்ட பெண்களும் இதையேதான் செய்தார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இத்தகைய தணிக்கை எப்படிச் செல்லுபடியாயிற்று என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சுரிமையைத் தன் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே வைத்த நாடு அது. சிகாகோ நகரம் 1907-லேயே படங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று விதித்தது. பென்சில்வேனியா, ஒஹாயோ, கன்சாஸ், மேரிலாந்து, நியூயார்க், வர்ஜீனியா ஆகிய மாநிலங்கள் அடுத்தடுத்துத் தணிக்கைக் குழுக்களை அமைத்தன. ஒஹாயோவின் சட்டத்தை எதிர்த்து மியூச்சுவல் என்ற படநிறுவனம் தொடுத்த வழக்கில், 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திரைப்படம் காட்டுவது வியாபாரம், அதற்குப் பத்திரிகைக்கு உள்ள உரிமை கிடையாது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மாறுவதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 37 ஆண்டுகளில், எந்த மாநிலத்தில் எந்தக் குழு எதை வெட்டும் என்ற அச்சம் ஒவ்வொரு திரைக்கதையின் மேலும் உட்கார்ந்திருந்தது. அந்த அச்சத்தைச் சமாளிக்கத் தயாரிப்பாளர்கள் 1922-இல் வில் ஹேஸ் தலைமையில் ஒரு சங்கம் அமைத்தார்கள்; 1930-இல் டேனியல் லார்டு என்ற ஏசு சபைப் பாதிரியாரும் மார்ட்டின் குவிக்லி என்ற பத்திரிகை அதிபரும் எழுதித் தந்த ஒழுக்க விதிகளை ஏற்றார்கள். நான்கு ஆண்டுகள் அந்த விதிகள் தாளில்தான் இருந்தன. 1934-இல் கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிக்கப் போவதாக இயக்கம் நடத்தியபோது, ஜோசப் பிரீன் என்பவரின் கையில் உண்மையான அதிகாரம் வந்தது. அவருடைய அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படம் வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். தவறு செய்தவர் தண்டனை பெற வேண்டும், பார்ப்பவரின் அனுதாபம் தவறின் பக்கம் சாயக்கூடாது, திருமணத்தின் புனிதம் காக்கப்பட வேண்டும் என்பவை அந்த விதிகளின் சாரம்.

இந்த 1930-க்கும் 1934-க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில்தான் லில்லியைப் போன்ற பெண்கள் திரையில் அடர்த்தியாக வந்தார்கள். அவர்களில் எனக்கு மிகவும் வியப்பளித்தவள் 1932-இல் வந்த 'ரெட் ஹெடட் வுமன்' படத்தில் ஜீன் ஹார்லோ நடித்த லில் என்ற பெண். அவளும் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அவளும் மேலதிகாரியின் குடும்பத்தைக் கலைத்து மேலே போகிறாள். கேதரின் பிரஷ் எழுதிய நாவலுக்குத் திரைக்கதை எழுதியவர் அனிதா லூஸ் என்ற பெண்மணி. படத்தின் இறுதியில் லில் தண்டிக்கப்படுவதில்லை. பாரிஸில் பணக்காரக் கிழவர் ஒருவரோடு காரில் ஏறிப் போகிறாள். காரை ஓட்டுகிறவன் அவளுடைய காதலன். இங்கிலாந்து இந்தப் படத்தைத் தடை செய்தது. ஸானக்கின் லில்லியும் லூஸின் லில்லும் செய்வது ஏறக்குறைய ஒரே காரியம் என்றாலும், லூஸ் எழுதியவளிடம் ஒரு சந்தோஷம் இருக்கிறது. தான் விரும்பியதை விரும்பியதற்காக அவள் எங்கும் வருந்துவதில்லை. கண்ணாடி முன் நின்று உடையைச் சரிசெய்யும்போதுகூடத் தேர்வுக்குத் தயாராகும் மாணவியைப் போலத் தீவிரமாக இருக்கிறாள். மற்றவர்களின் குடும்பத்தை அவள் கலைப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆசைப்பட்டதற்கான தண்டனையைப் படத்துக்குள் எழுதி வைக்காமல் ஒரு பெண் எழுத்தாளர் விட்டார் என்பதைத்தான் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தணிக்கையாளர் தேவையே படாத படமும் ஒன்று உண்டு. 1933-இல் வந்த 'ஃபீமேல்' படத்தில் ரூத் சாட்டர்டன் ஒரு மோட்டார் கார் தொழிற்சாலையின் உரிமையாளராக வருகிறார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்களுக்கு உத்தரவிடுகிறார். மாலையில் பிடித்தவர்களை வீட்டுக்கு அழைக்கிறார். மறுநாள் காலையில் அவர்களைச் சாதாரண ஊழியர்களாகவே நடத்துகிறார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் படத்தின் பெரும்பகுதி இப்படிப் போகிறது. முடிவில் தன்னை எதிர்த்து நிற்கும் பொறியாளரிடம் தொழிற்சாலையை ஒப்படைத்துவிட்டு, ஒன்பது குழந்தைகள் பெற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள் நாயகி. இந்த முடிவை எந்தக் குழுவும் எழுதித் தரவில்லை. பத்து நிமிடங்களுக்கு முன்வரை ஆலை நடத்திய ஒரு மூளை, கடைசிக் காட்சியில் தானாகவே கைகட்டி நின்றுவிடுகிறது. லில்லியை எஃகு ஆலை ஊருக்குத் திருப்பி அனுப்பியதைவிட இது எனக்கு அதிக வருத்தம் தந்தது, ஏனென்றால் முன்னதில் ஒட்டுத் தையல் தெரிகிறது, இதில் தெரிவதில்லை.

தையல் தெரியாமல் நடந்ததற்கு இன்னொரு சான்று சிக்கோ. லில்லியின் கறுப்பினத் தோழியாக நடித்தவர் தெரசா ஹாரிஸ். சிக்கோவை வேலையைவிட்டு நீக்குவேன் என்று தகப்பன் மிரட்டும்போது, அவள் போனால் நானும் போவேன் என்கிறாள் லில்லி. கடைசிவரை அவளைக் கைவிடுவதும் இல்லை. அந்தக் காலத்துப் படத்தில் இது அபூர்வமான நட்பு. ஆனாலும் லில்லி ஒவ்வொரு மாடியாக ஏறும்போது சிக்கோ அதே பணிப்பெண்ணாக, சற்று நல்ல உடையில், பக்கத்தில் நிற்கிறாள். சிக்கோவுக்கு என்ன ஆசை இருந்தது என்று படம் கேட்கவில்லை. தெரசா ஹாரிஸின் திரைவாழ்வின் பெரும்பகுதியும் பணிப்பெண் வேடங்களிலேயே கழிந்தது. பேராசைக்காரி என்று பழிக்கப்படுவதற்குக்கூட முதலில் ஆசை உள்ளவளாக எண்ணப்பட வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த ஸ்டெனோக்களின் கதைகளை நாங்கள் எங்கள் வீடுகளில் பெருமையோடு சொல்கிறோம். சற்றுத் தள்ளித் தாராவியில், எங்கள் மாவட்டத்திலிருந்தே வந்து தோல் பதனிடும் கூடங்களைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களின் பெண்கள் என்ன ஆசைப்பட்டார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பேசும்படக் காலத்துக்கு முன்னால் போனால், கதாநாயகியின் ஆசையோடு இயக்குநரின் ஆசையும் கத்தரிக்கு இரையானதைக் காணலாம். லோயிஸ் வெபர் என்ற பெண்மணி 1910-களில் அமெரிக்காவின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர். யுனிவர்சல் நிறுவனத்தில் மிக உயர்ந்த மதிப்போடு இருந்தவர். தம் படங்கள் நாளிதழின் தலையங்கத்தைப் போல நாட்டோடு பேச வேண்டும் என்று விரும்பியவர். 1916-இல் அவர் எடுத்த 'வேர் ஆர் மை சில்ட்ரன்' கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவற்றைப் பற்றியது. பென்சில்வேனியாவின் தணிக்கைக் குழு அதைத் தடை செய்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட வசதியான பெண்களைக் கடுமையாகக் கண்டிக்கும் படம் அது; ஏழைகள் அதிகம் பெறக்கூடாது என்ற அந்தக் காலத்து இனமேம்பாட்டு வாதத்தின் நெடியும் அதில் உண்டு. அதனால் அதை முழு மனத்தோடு என்னால் பாராட்ட முடியவில்லை. மறு ஆண்டு அவர் எடுத்த 'தி ஹேண்ட் தட் ராக்ஸ் தி கிரேடில்' படத்தில், கருத்தடை பற்றிப் பெண்களுக்குச் சொல்லித்தந்ததற்காகக் கைதாகும் மருத்துவரின் மனைவியாக அவரே நடித்தார். கருத்தடை உரிமைக்காக அமெரிக்காவில் இயக்கம் நடத்திய மார்கரெட் சேங்கரின் உண்மைப் போராட்டத்தை ஒட்டிய கதை அது. அதே ஆண்டில் சேங்கர் தாமே நடித்த படம் ஒன்றையும் நியூயார்க் அதிகாரிகள் திரையிட விடவில்லை. மியூச்சுவல் வழக்கின் தீர்ப்பு இரண்டே ஆண்டு பழையதாக இருந்ததால் நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. இந்த இரண்டு படங்களின் பிரதிகளும் இன்று கிடைப்பதில்லை. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் அறிவைப் பெறுவது, 1917-இல், பேராசைகளுக்கெல்லாம் மேலான பேராசையாகக் கருதப்பட்டது.

இந்தப் படங்களின் பயணத்தில் பம்பாய்க்கும் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1920-இலிருந்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் மதராஸிலும் ரங்கூனிலும் தணிக்கை வாரியங்கள் இயங்கின. பிரிட்டிஷ் ஆட்சியாளர்களுக்கு அமெரிக்கப் படங்கள் பெரிய தலைவலியாக இருந்தன. வெள்ளைக்காரப் பெண்கள் குடிப்பதையும் ஆடுவதையும் ஆண்களை ஆட்டிவைப்பதையும் இந்தியர்கள் பார்த்தால் ஆளும் இனத்தின் மதிப்பு என்ன ஆகும் என்று கவலைப்பட்டார்கள். 1927-இல் இதை விசாரிக்க அமைக்கப்பட்ட இந்திய சினிமாட்டோகிராஃப் குழுவுக்குத் தலைவராக வந்தவர் ஒரு தமிழர், மதராஸ் வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். பம்பாய் உட்பட நாட்டின் பல நகரங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்த அந்தக் குழு, சாம்ராஜ்யத்துப் படங்களுக்குத் தனிச் சலுகை தர வேண்டும் என்ற ஆட்சியாளர்களின் எதிர்பார்ப்பை ஏற்காமல், இந்தியப் படத்தொழிலை வளர்க்க வேண்டும் என்று 1928-இல் அறிக்கை தந்தது. அந்தக் கவலை முழுவதும் பெண்ணின் நடத்தையைச் சுற்றியே சுழன்றதை நான் கவனிக்கிறேன். அமெரிக்காவில் பெண்ணைத் திருத்திக் குடும்பத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள்; இங்கே அதே பெண்ணை மறைத்து ஆட்சியைக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

தமிழில் 1939-இல் வந்த 'தியாகபூமி' பற்றி ஒரு சொல். செல்வந்தராகி, உமாராணி என்ற பெயரோடு திரும்பி வரும் சாவித்திரி, தன்னைத் துரத்திய கணவன் சேர்ந்து வாழக் கோரும்போது நீதிமன்றத்தில் மறுத்து, வேண்டுமானால் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். எஸ்.டி. சுப்புலட்சுமி அதைச் சொல்லும் நிமிர்வு இன்றும் நடுங்க வைக்கிறது. ஆங்கில அரசு அந்தப் படத்தைத் தடை செய்ததற்குக் காரணம் அதன் தேசிய உணர்ச்சி. சாவித்திரியின் பதில் அரசின் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

இனி என்னைப் பற்றி. நானும் வங்கியில்தான் இருக்கிறேன். இன்னும் ஐந்து ஆண்டுகளில் ஓய்வு பெறுவேன். 1999-இல் எனக்கு அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு வரும் வாய்ப்பு இருந்தது. உயர்வு என்றால் இடமாற்றம். இடமாற்றம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டுகள் வேறு மாநிலம். மகள் அப்போது சிறு குழந்தை. பதவி உயர்வுக்கு விருப்பமில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். எங்கள் கிளையில் அந்த ஆண்டு அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் பெண்கள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் ஒருவர்கூடப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை எழுதும்போது நான் நினைத்தது குழந்தையை மட்டுமா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் கேட்ட அந்தச் சொல், எனக்கும் வரக்கூடிய அந்தச் சொல், அந்த அறையில் என்னோடு இருந்தது. 'ஃபீமேல்' படத்தின் முடிவு என்னை வருத்தியதற்குக் காரணம் இதுதான்.

'பேபி ஃபேஸ்' படத்தின் முதல் வடிவம் 71 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 2004-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் படச்சுருள் காப்பகத்தில், ஒஹாயோவின் டேட்டன் நகரத்தில், ஒரு திரையிடலுக்காகப் பிரதி எடுக்க முனைந்தபோது, ஒரு சுருள் மற்றொன்றைவிட நீளமாக இருப்பதை அங்கிருந்தவர்கள் கவனித்தார்கள். நூலகத்தின் அலமாரியில் யாரோ ஒழுங்காக வைத்திருந்த காரணத்தால்தான் செருப்புத் தொழிலாளியின் உபதேசம் நமக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டின் லண்டன் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. மறு ஆண்டு, பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1934-க்குப் பிறகு பழைய படங்களை மறுவெளியீடு செய்ய விரும்பிய நிறுவனங்கள் மூலச்சுருளிலேயே கைவைத்து வெட்டிய சம்பவங்கள் பல உண்டு. அவற்றில் போனவை போனவைதான்.

இந்த முதல் வடிவத்தைப் பெரியம்மாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. முலுண்டில் தனியாக இருக்கிறார். காது சற்று மந்தம். கண் நன்றாகத் தெரிகிறது. போன வாரம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆங்கில எழுத்துகளைத் திரையில் ஓடவிட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்கூடப் பேசாமல் பார்த்தார். கேமரா கட்டடத்தின் மேல் ஏறும்போதெல்லாம் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பேச்சு அவருக்கு எப்போதாவது எட்டியதா என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கத் துணிவு வரவில்லை.

படத்தின் நடுவில் ஓரிடம் வருகிறது. ஒரு கொலையும் தற்கொலையும் நடந்து, வங்கியின் பெயர் பத்திரிகைகளில் அடிபடும்போது, புதிய தலைவர் லில்லியின் வாயைப் பணம் கொடுத்து அடைக்காமல், பாரிஸ் கிளையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பிறகு அவர் பாரிஸுக்கு வரும்போது, அவள் அங்கே பயணப் பிரிவின் தலைவியாகி அந்தப் பிரிவை நன்றாக நடத்திக்கொண்டிருக்கிறாள். எந்த ஆணின் தயவும் இல்லாமல், வேலை செய்து அவள் பெற்ற ஒரே உயர்வு அது. படம் அதை நின்று காட்டவில்லை. அந்த ஆண் அவளை மறுபடி சந்திப்பதற்கான காரணமாக மட்டும் தொட்டுவிட்டுக் காதலுக்குப் போய்விடுகிறது. இரண்டு முறை படத்தைப் பார்த்த எனக்கே அந்த இடம் மனத்தில் பதியவில்லை.

படம் முடிந்தது. பெரியம்மா ஆறிப்போன காபியைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, அந்தப் பாரிஸ் ஆபீஸ் வருதுல்லா, அத மறுபடி போடு" என்றார்.

"எதுக்குப் பெரியம்மா?"

"அவ அங்க என்ன வேல பாத்தான்னு பாக்கணும்."

பின்னால் நகர்த்திப் போட்டேன். ஒரு மேசை, சில வாடிக்கையாளர்கள், நிமிர்ந்து நிற்கும் லில்லி. சீக்கிரமே முடிந்துவிட்டது. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை போடச் சொன்னார்.